நான்காவது முறை

மருந்துச் சோதனை நிறுவனம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தும், அங்கே மாத்திரை விழுங்க வந்த ஒருவரைக்கூடக் கிருஷ்ணவேணி நேரில் பார்த்ததில்லை. கழக்கூட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய கட்டடம் அது. கீழ்த்தளத்தில் கட்டில்கள், மேல்தளத்தில் கணினிகள். யாருக்கு எந்த மாத்திரை போனது என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாது என்பதால், கீழே போகிற கதவு அவளுடைய அடையாள அட்டைக்குத் திறக்காது. ஆட்கள் அவளுக்கு எண்களாகத்தான் வருவார்கள். அவர்கள் ரத்தத்தில் கலந்த மருந்தும் எண்ணாகத்தான் வரும்.

அவள் வளர்ந்தது சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில். அப்பா சிவதாணு நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து அங்கே இரும்புச் சாமான் கடை வைத்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். புள்ளியியலில் முதுகலை முடித்து, கல்லூரிகளில் தற்காலிக வேலையாகவே அலைந்து, கடைசியில் இந்த நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தாள். கணவர் உமாசங்கர் கம்போளத்து மொத்த வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவர். கல்யாணமான புதிதில் அவள் வேலை என்னவென்று அவருக்குப் பிடிபடவே இல்லை. பிறகு அவளே விளக்கிச் சொன்னாள்.

ஒரு கம்பெனி கண்டுபிடித்த மருந்தின் காப்புரிமை முடிந்ததும் மற்றவர்களும் அதே மருந்தைச் செய்து குறைந்த விலைக்கு விற்கலாம். ஆனால் புது மாத்திரையும் பழையது போலவே ரத்தத்தில் கலக்கிறது என்று காட்ட வேண்டும். நோயில்லாத ஆட்களைக் கூட்டி வந்து, ஒரு முறை பழையதும், சில நாள் கழித்து ஒரு முறை புதியதும் கொடுத்து, ரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டும். பெரும்பாலான மருந்துகளுக்கு இது போதும். சில மருந்துகள் மட்டும் இதற்குள் அடங்காது. ஒரே ஆள், ஒரே மாத்திரை; போன வாரம் ஏறிய அளவு இந்த வாரம் ஏறாது. பழைய மாத்திரையே ஒரு நாளைப் போல இன்னொரு நாள் இல்லாதபோது, புதியது அதைப் போல இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? அப்படிப்பட்ட மருந்து வரும்போது, எத்தனை பேருக்கு, எத்தனை முறை, எந்த வரிசையில் கொடுப்பது என்று தீர்மானிப்பதுதான் கிருஷ்ணவேணியின் வேலை.

இதயத் துடிப்பின் தாளத்தைச் சீராக்கும் ஒரு மருந்து அப்படித்தான் வந்தது. நிறுவனத்தை நடத்திய பிரதீஷ் அவளைவிட வயதில் சின்னவன். சேச்சி என்றுதான் கூப்பிடுவான். கெட்டிக்காரன், மரியாதை தெரிந்தவன். அவன் கூட்டிய கூட்டத்தில் மூன்று வழிகள் பேச்சுக்கு வந்தன. வழக்கம்போல ஆளுக்கு இரண்டே முறை கொடுக்கலாம், ஆனால் இவ்வளவு ஆட்டம் காட்டும் மருந்துக்கு நூறு பேருக்கு மேல் வேண்டும். அல்லது ஆளுக்கு மூன்று முறை: பழையது இரு தடவை, புதியது ஒரு தடவை. பழையது தனக்குள்ளேயே எவ்வளவு ஆடுகிறது என்று அதில் தெரிந்துவிடும். அந்த ஆட்டம் ஒரு வரம்பைத் தாண்டினால், ஒப்பிடும் எல்லையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள அதிகாரிகள் இடம் கொடுப்பார்கள். மூன்றாவது வழி, ஆளுக்கு நான்கு முறை. இரண்டு மாத்திரையும் இரண்டிரண்டு தடவை.

பிரதீஷுக்கு மூன்று முறையே போதும் என்று பட்டது. நான்காவது முறைக்குள் பாதிப் பேர் அலுத்துப்போய் வராமல் நின்றுவிடுவார்கள் என்றான். கிருஷ்ணவேணி விடவில்லை. புதிய மாத்திரை பழையதைவிட அதிகமாக ஆடினால் அதை மூன்று முறைத் திட்டம் காட்டிக் கொடுக்காது, அந்த ஆட்டத்தை நோயாளி உடம்பில் சுமப்பான் என்றாள். முப்பத்தாறு பேர் நான்கு முறை வந்தால் போதும். நூறு பேரை இரண்டு முறை படுக்கவைப்பதைவிட மொத்தத்தில் குறைவான மாத்திரை, குறைவான ஊசி. கணக்கைப் போட்டும் காட்டினாள். நான்கு முறை என்று முடிவானது.

முதல் மூன்று முறையும் குறையில்லாமல் நடந்தது. நான்காவது முறை, மாத்திரை கொடுத்த காலையில், இருபத்து மூன்றாம் எண்காரர் கழிவறைக்குப் போக எழுந்தார். கூடவே போக வேண்டிய உதவியாளர் அடுத்த கட்டில் பக்கம் திரும்பியிருந்தார். நாலடி நடந்தவர் அப்படியே சரிந்தார். பின்மண்டை கழிவறைப் படியில் மோதியது.

மேல்தளத்தில் இருந்தவர்களுக்கு ஆம்புலன்ஸ் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. இருபத்து மூன்றாம் எண், மயக்கம், தலையில் காயம், மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டிருக்கிறார். கிருஷ்ணவேணி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அந்த எண்ணுக்கு எந்த வரிசையில் மாத்திரை என்பதைக் கணினியில் குலுக்கிப் போட்டது அவள் எழுதிய நிரல். அந்த ஆளின் பெயர் மட்டும் அவளுக்குத் தெரியாது. கேட்டதற்கு, சொல்லக் கூடாது சேச்சி, உங்களுக்கே தெரியுமே என்றான் பிரதீஷ்.

மூளையில் சிறு ரத்தக்கசிவு. அறுவை தேவைப்படவில்லை. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தார்கள்.

“நாலு வேண்டாம், மூணு போரும்னு நான் சொல்லியிருந்தா, அந்த ஆளு அண்ணைக்கு அங்க வந்திருக்கவே மாட்டாரு” என்றாள் உமாசங்கரிடம்.

அவர் தட்டிலிருந்து கையெடுக்காமல் யோசித்தார். “மூணாவது தடவையே விழுந்திருந்தா என்ன சொல்லுவ?”

யாராவது மாணவன் கேட்டிருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள். அது உண்மை என்பதாலேயே அதில் அவளுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

சோதனை முடிந்து, யாருக்கு எப்போது எந்த மாத்திரை என்ற மறை திறக்கப்பட்டது. இருபத்து மூன்று விழுந்த அன்று அவருக்குப் போனது புதியது அல்ல, பழைய மாத்திரை. ஊரெல்லாம் விற்கிற அதே மாத்திரை. முன்பு ஒரு தடவை அதையே விழுங்கியபோது ஏறிய அளவைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இந்த முறை ரத்தத்தில் ஏறியிருந்தது. விழுவதற்கு முன்பே முக்கியமான ரத்த மாதிரிகள் எடுத்தாகிவிட்டதால் அந்த உச்சம் தெளிவாகப் பதிவாகியிருந்தது. இப்படிப்பட்ட ஆளின் உச்ச அளவைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சோதனை தொடங்கும் முன்பே விதி எழுதியிருந்தவளும் அவள்தான்.

அவரைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், பழைய மாத்திரையின் ஆட்டம் வரம்பைத் தாண்டியது. எல்லை தளர்ந்தது. புது மாத்திரை தேறியது. அந்த ஒரே ஒரு அளவை எடுத்துவிட்டால் ஆட்டம் வரம்புக்குள் நின்றது, எல்லை தளரவில்லை, புது மாத்திரை தேறவில்லை. விழுந்த மனிதரின் மயக்கத்தின் மேல்தான் அந்த வெற்றி நின்றுகொண்டிருந்தது.

பிரதீஷ் சந்தோஷப்பட்டான். விதி விதிதான், முடிவைப் பார்த்த பிறகு பிடிக்காத அளவைத் தூக்கிப் போடக் கூடாது என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லித் தந்தது என்றான். அவன் சொன்னது சரி. இரண்டு நாள் அவளும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த ஐந்து மடங்கு அவளை விடவில்லை. மற்ற முப்பத்தைந்து பேரில் ஒருவரிடமும் அதில் பாதி வித்தியாசம்கூட இல்லை.

சோதனைக்குப் பொறுப்பான மருத்துவர் மாளவிகா, கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் வளர்ந்தவள், கிருஷ்ணவேணிக்குச் சிநேகிதி. காயம்பட்டவரை வீட்டில் போய்ப் பார்த்துவர அவள் கிளம்பியபோது, அவருக்குச் சம்மதமானால் நானும் வரட்டுமா என்று கிருஷ்ணவேணி கேட்டாள். மாளவிகா போன் செய்தாள். அதற்கென்ன, வரட்டும் என்றாராம். அப்போதுதான் பெயர் தெரிந்தது. திரவியம்.

கல்லாறில், பொன்முடிக்கு ஏறுகிற பாதையில், ஆற்றை ஒட்டி அவருடைய தேநீர்க் கடை. அப்பா அம்மா மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். சுற்றுலா வருகிறவர்களுக்குத் தேநீரும் பழம்பொரியும் போட்டுத்தான் அவர் பிழைப்பு. மழைக்காலத்தில் பாதையை அடைத்துவிட்டால் கடை ஓடாது. அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் யாரோ சொல்லி, கழக்கூட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.

அவர்கள் போனபோது அடுப்படியில் நின்று பழம்பொரி போட்டுக்கொண்டிருந்தது மனைவி மாடம்மாள். திரவியம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுகூட இல்லை. கிருஷ்ணவேணி அவர் முகத்தை நேராகப் பார்க்கச் சற்றுத் தயங்கினாள்.

“ஒண்ணும் கொழப்பமில்ல மேடம்” என்றார். “மணம் மட்டும் கிட்டுறதில்ல. பால் பொங்கித் தீஞ்சாலும் தெரியாது. போன ஆழ்ச்ச எண்ண பத்திக்கிட்டுது. இவ ஓடி வந்து அணைச்சா.”

அதிலிருந்து அடுப்புப் பக்கம் தன்னை அண்டவிடுவதில்லை என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். மாடம்மாள் சிரிக்கவில்லை. கரண்டியை எண்ணெயில் வைத்தபடி, மணம் திரும்பி வருமா என்று மாளவிகாவைக் கேட்டாள். சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்றாள் மாளவிகா. அடி பட்டபோது மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு அறுந்திருந்தால் வராது.

மாளவிகா வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். நான்காவது முறை வருவதற்கு முன் வேறு மருந்து ஏதாவது? கள், சாராயம்? காய்ச்சல்? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். மாடம்மாள் பின்பக்கம் போய், உரித்த பம்பளிமாஸ் சுளைகளில் உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிக் கொண்டுவந்து வைத்தாள். கடைக்குப் பின்னால் மரம் காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

“கம்பிளி நாரங்கா எனக்கு உசிரு மேடம்” என்றார் திரவியம். “இப்பம் ருசியும் பாதிதான் தெரியுது. நாலாவது மட்டம் அங்க வாரதுக்கு முந்தின நாள்தான் மொதல்ல பழுத்துது. ரெண்டு முழுசாத் தின்னுட்டுத்தான் வண்டி ஏறினேன்.”

மாளவிகாவின் கை சுளையோடு நின்றது. சோதனைக்கு வருகிறவர்கள் தொடக் கூடாத ஒரு பழம் உண்டு, நாரத்தை இனத்துக் கிரேப் ஃப்ரூட். குடலில் இந்த மருந்தைச் சிதைத்துக் குறைக்கிற பொருளை அது முடக்கிவிடும். மருந்து முழுசாக ரத்தத்துக்குள் இறங்கும். கம்பிளி நாரங்கா என்கிற பம்பளிமாஸ் அதற்கு நெருங்கிய சொந்தம். அதே வேலையைச் செய்யும்.

“சாப்பிடக் கூடாதுன்னு சிலது படிச்சுச் சொன்னாங்களே, ஓர்மை இருக்கா?” என்று கிருஷ்ணவேணி மெதுவாகக் கேட்டாள்.

“உண்டு மேடம். மது, பீடி, காப்பி, பின்ன கிரேப் ஃப்ரூட். கிரேப்புன்னா முந்திரிங்காதானே, திராட்சை. அது நான் தொடவே இல்ல. கொச்சுப் பிள்ளைக்கு வாங்கினதுல கூட ஒண்ணு எடுத்து வாயில போடல.” இரண்டு பெண்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் தெத்து ஏதும் செஞ்சிட்டேனா?”

“இல்ல” என்றாள் கிருஷ்ணவேணி. “உங்க மேல தெத்து இல்ல.”

திரும்பும் வழியில் விதுரை தாண்டியதும் மாளவிகா சொன்னாள். “நாம இதை எழுதினா, ஆளு நிபந்தனையை மீறிட்டான்னு மொதல்ல அவனைத்தான் பிடிப்பா, வேணி. இன்ஷூரன்ஸ்காரா கையை விரிச்சுடுவா. எழுதலேன்னா இந்த மாத்திரை கடைக்குப் போயிடும். ரெண்டுல எதைச் சொல்றே?”

கிருஷ்ணவேணி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சில நாட்கள் அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. பிரதீஷிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு நிதானமாகப் பேசினான். கடையில் பழம் தின்றுகொண்டே சொன்ன பேச்சு, அது சோதனைப் பதிவில் இல்லை. எழுதினால் அந்த மனிதனுக்குத்தான் நஷ்டம். எழுதாமல் விட்டால் எல்லோருக்கும் நல்லது. அவனுக்குச் சிகிச்சையும் நடக்கும், கீழே வேலை பார்க்கிற நர்சுகளுக்கு அடுத்த வருடமும் வேலை இருக்கும். சேச்சி யோசிச்சு நோக்கு என்று முடித்தான். அவன் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை என்பதுதான் அவளுக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் உமாசங்கரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் கேட்டது அவள் எதிர்பாராத கேள்வி. “முந்திரிங்கான்னு அவரு மட்டுந்தான் நினைச்சாரா?”

மறுநாள் காலையில் கிருஷ்ணவேணி மாளவிகாவை அழைத்து, மற்றவர்களிடமும் கேட்டுப் பார்க்க முடியுமா என்றாள். சோதனைக்குப் பிந்திய உடல் பரிசோதனைக்கு எல்லோரும் வரவேண்டியிருந்தது. மாளவிகா ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, கிரேப் ஃப்ரூட் என்றால் என்ன என்று கேட்டாள். ஏறக்குறைய எல்லோரும் முந்திரிங்கா என்றார்கள். ஒருவர் ஏதோ ஜூஸ் என்றார். கம்பிளி நாரங்காவைச் சொன்னவர் ஒருவரும் இல்லை. மலையோரத்தில் பாதி வீட்டுக் கொல்லையில் காய்க்கிற பழத்தைப் பற்றி நிறுவனம் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

கிருஷ்ணவேணி எழுதினாள். இருபத்து மூன்றாம் எண்ணின் நான்காவது முறை அளவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, சேர்க்காவிட்டால் புது மாத்திரை தேறவில்லை என்று முதலில் எழுதினாள். அதற்குக் காரணம் அவர் தின்ற பழம். பழத்துக்குக் காரணம் அவரல்ல, அவருக்குப் புரியாத ஒரு பெயரை வாசித்துக் காட்டிவிட்டுச் சொல்லியாகிவிட்டது என்று நினைத்த நாங்கள் என்றும் எழுதினாள். நாங்கள் என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லி பிரதீஷ் கேட்டான். அவள் எடுக்கவில்லை. மாளவிகாவும் கையெழுத்துப் போட்டாள்.

சோதனைகளை மேற்பார்வையிடும் நெறிமுறைக் குழுவில் வெளியாட்களும் உண்டு. அவர்களில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், கிரேப் ஃப்ரூட் என்றால் முந்திரிங்கா இல்லையா என்று தானே கேட்டார். அதற்குப் பிறகு வாதம் நீளவில்லை. தவறு நிறுவனத்தின் மேல் என்று குழு முடிவு செய்தது. திரவியத்தின் சிகிச்சையையும் இழப்பீட்டையும் நிறுவனம் ஏற்க வேண்டியதாயிற்று.

சோதனை தோற்றது. மருந்துக் கம்பெனி மற்ற வேலைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. கீழ்த்தளத்தில் பாதிக் கட்டில்கள் காலியாயின. நர்சுகளில் நான்கு பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதில் ஒருத்தி கிருஷ்ணவேணியோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். கடைசி நாளன்று அவள் இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். கழக்கூட்டத்திலிருந்து கிழக்கேகோட்டை வரும்வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கிருஷ்ணவேணி கல்லாறுக்கு இன்னொரு முறை போனாள். நடந்ததை மறைக்காமல் திரவியத்திடம் சொன்னாள். நான்கு முறை வரவேண்டும் என்று தீர்மானித்தது தான்தான் என்பதையும் சொன்னாள். ஏன் நான்கு என்று விளக்கினாள். அவர் கவனமாகக் கேட்டார்.

“அப்பம் எங்கிட்ட எடுத்த ரத்தம் எல்லாம் வீணா போச்சா மேடம்?”

“நாலாவது மட்டுந்தான் விட்டேன். முதல் மூணும் கணக்குல இருக்கு.”

அவர் தலையாட்டினார். அவளைக் குற்றம் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மாடம்மாள் அடுப்படியிலிருந்து தேநீர் மட்டும் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வருடம் ஆகியும் அவருக்கு மணம் திரும்பவில்லை.

அதே மருந்தை வேறு நகரத்தில் வேறு நிறுவனம் திரும்பச் சோதித்ததாக மாளவிகா பிற்பாடு கேள்விப்பட்டுச் சொன்னாள். ஆளுக்கு இரண்டே முறை, நூறு பேருக்கு மேல். தேறிவிட்டது, ஒருவரும் விழவில்லை. கிருஷ்ணவேணிக்கு அப்பாடா என்று இருந்தது. அந்தப் புது மாத்திரை ஒரே உடம்பில் ஒரு நாளைக்கு ஒரு நாள் எவ்வளவு ஆடும் என்பதை இனி யாரும் பார்க்கப் போவதில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. இரண்டு எண்ணமும் அவளுக்குள் ஒன்றாகவே கிடந்தன.

அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். அடங்காத மருந்து வந்தால் பிரதீஷ் அவளிடம்தான் கேட்கிறான். வேறு ஆள் இல்லை. முன்பெல்லாம் ஒரு பிற்பகலில் சொல்லிவிடுவாள். இப்போது நாட்கணக்கில் இழுக்கிறாள், சேச்சி மெதுவாகிவிட்டாள் என்று அலுவலகத்தில் பேச்சு. போன மாதம் ஒரு மருந்துக்கு மறுபடியும் நான்கு முறை என்றே எழுதிக் கொடுத்தாள். கணக்கு அதைத்தான் சொன்னது.